கருவறைக்குள்ள டார்ச் அடிச்ச தம்பிக்கு

இருட்டுன்னா இருட்டுதான்யா! அதுக்குத்தான் 100 யென் கொடுத்து, ஷூவைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு அந்தப் படியில இறங்குறோம். உனக்கு வெளிச்சம் வேணும்னா மேலேயே நின்னிருக்கலாமே?

ஜப்பான்ல, கியோத்தோ ஊர்ல கியோமிசு கோயில். அங்கே போய்ச் சேர்றதுக்குள்ளயே பாதி உசுரு போயிருச்சு, அது வேற கதை. ஸ்டேஷன்ல இருந்து 206-ஆம் நம்பர் பஸ். பின்வாசல்ல ஏறி முன்வாசல்ல இறங்கணும், இறங்கும்போதுதான் 230 யென் போடணும். ஒவ்வொருத்தரும் டிரைவர் பக்கத்துல போய் நின்ன பிறகுதான் பர்ஸையே திறக்குறாங்க. நடுவுல ஆளுயரத்துக்கு சூட்கேஸ். தினமும் அதே பஸ்ல மார்க்கெட்டுக்குப் போற உள்ளூர்ப் பாட்டிங்களை நினைச்சா நமக்கே கூச்சமா இருக்கு.

அப்புறம் ஏத்தம். வழியில சன்னென்சக்கான்னு ஒரு படிக்கட்டுத் தெரு. அதுல தடுக்கி விழுந்தா மூணு வருஷத்துல சாவுன்னு ஒரு நம்பிக்கை. இப்ப இருக்கிற கூட்டத்துல விழவே முடியாது, நாலு பேர் தோள்மேல சாயத்தான் முடியும்!

கோயிலைக் கண்ணால பார்த்தேனான்னு கேட்காதீங்க. செல்ஃபி குச்சியைப் பார்த்தேன். 1633-ல திரும்பக் கட்டின மர மேடை, கிட்டத்தட்ட 13 மீட்டர் உயரம், செல்கோவாங்கிற மரத்துத் தூண்களை ஆணி அடிக்காம ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து நிறுத்தியிருக்காங்க. வேண்டுதல்னு சொல்லி ஒரு காலத்துல அங்கிருந்து குதிச்சிருக்காங்க. கோயில் ஏட்டுல 234 பேர் கணக்கு இருக்கு, அதுல 34 பேர் செத்திருக்காங்க. 1872-ல தடை போட்டாச்சு. இதெல்லாம் தெரிஞ்சு, கைப்பிடி ஓரமா அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு கீழே பார்க்கணும்னு ஆசைப்பட்டது தப்பா? வாடகை கிமோனோல ஒரு ஜோடி, இருபது நிமிஷம், ஒரே கைப்பிடி, ஒரே சிரிப்பு. நானும் ஒண்ணு எடுத்தேன்தான், மறைக்கல. எடுத்துட்டு நகர்ந்தேனே!

சரி, போனே வேலைக்கு ஆகாத ஒரு இடம் இருக்குன்னுதான் அதே கோயிலுக்குள்ள இருக்கிற ஸுய்குதோவுக்கு வந்தேன். பௌத்தத்துல தாயா கும்பிடுற மகாபிரதிசரா போதிசத்துவரோட சன்னதி. அதுக்கு அடியில கும்மிருட்டு. அந்தத் தாயோட கர்ப்பத்துக்குள்ள போய்ட்டு வர்றதா ஐதீகம். நாம கருவறை கருவறைன்னு வாயால சொல்றோம், இங்கே நிஜமாவே கருவறைக்குள்ள நடக்க விடுறாங்க. இடது கையால பெரிய பெரிய மணி கோத்த கயிறைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒண்ணுதான்ங்கிற மாதிரி நடக்கணும். அந்த பஸ்ஸும் கூட்டமும் எங்கேயோ போயிருச்சு. மூச்சு விடுற சத்தம் கேட்குது. கொஞ்சம் பயம்கூட. தூரத்துல மங்கலான வெளிச்சத்துல ஒரு கல்லு, அதுமேல ஒரே ஒரு சமஸ்கிருத எழுத்து. அதைச் சுத்திவிட்டு ஒண்ணே ஒண்ணு வேண்டிக்கலாம்.

கல்லுமேல கையை வைக்கிறேன். பின்னாடி இருந்து பளீர்னு வெள்ளை வெளிச்சம்!

"டேய், லைட் அடிடா, ஒண்ணும் தெரியல."

தமிழ்! ஜப்பான்காரன், சீனாக்காரன், அமெரிக்காக்காரன்னு யாரையாவது மனசுக்குள்ள திட்டிட்டுப் போயிருப்பேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டீங்களேடா. சுவர் தெரிஞ்சுது, கட்டை தெரிஞ்சுது, என் பேன்ட்டுல இருந்த சாஸ் கறை தெரிஞ்சுது. வேண்டிக்க வந்தது என்னன்னே மறந்துபோச்சு. பின்னாடி வரிசை தள்ளுது, வெளியே வந்துட்டேன்.

வாசல்ல உட்கார்ந்து ஷூ மாட்டுறேன். பக்கத்துலயே அந்த ரெண்டு பேரும் எடுத்த வீடியோவை ஓட்டிப் பார்க்குறாங்க.

"மச்சி, ஒண்ணுமே விழலடா. ஒரு கல்லுதான் இருக்கு."