எட்டயபுரம்: மணிமண்டபம் வேறு, பிறந்த வீடு வேறு

பாரதியார் பிறந்த வீடு என்ற குறிப்போடு ஒரு கட்டடத்தின் படம் பகிரப்பட்டிருக்கிறது; சிலரும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அது எட்டயபுரத்தில் உள்ள பாரதி மணிமண்டபம். ஊர் சரிதான், கட்டடம்தான் வேறு. பாரதியார் பிறந்தது 1882-இல். மண்டபத்துக்கு ராஜாஜி அடிக்கல் நாட்டியது 1945-இல், திறந்துவைத்தது 1947-இல். கல்கி தம் இதழில் வேண்டுகோள் விடுக்க, வாசகர்கள் மனமுவந்து அனுப்பிய பணத்தில் எழுந்த கட்டடம் அது. அந்த வரலாறும் மறக்கப்படக் கூடாது.

பிறந்த வீடு அதே ஊரில் தனியாக, நினைவு இல்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. இணைய வரைபடத்தில் எட்டயபுரத்தைத் தேடுங்கள். இரண்டும் தனித்தனி இடங்களாகத் தெரியும். அங்குள்ள படங்களோடு பகிரப்பட்ட படத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பதிவிட்டவர் படக்குறிப்பை மட்டும் மாற்றினால் நன்று.