அந்த அக்காவின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை

புதிய சுற்றுச்சூழல் படிப்புக்காகப் பல்கலைக்கழகம் நடத்திய அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான்கு நாள்களாக என்னை அடக்கிக்கொண்டிருந்தேன். காணொளியைப் பார்த்தவர்களுக்கு நடந்தது தெரியும். ஆனால், "அந்த அம்மா தலைப்புக்குச் சம்பந்தமில்லாததைத்தானே கேட்டார்" என்று நான் பெரிதும் மதிக்கும் ஒருவரே நேற்று எழுதியதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

சமூக நீதியை அடித்தளமாகக் கொண்ட சுற்றுச்சூழல் முதுகலைப் படிப்பு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். பாடத்திட்டம் வகுக்கும் முன் கடலோர மக்களின் கருத்தைக் கேட்கப் போகிறோம் என்றும் அதிலேயே இருந்தது. அதை நம்பித்தான் குமரிக் கடற்கரையில் உள்ள எங்கள் ஊரிலிருந்து ஒன்பது பேரை நான் அழைத்துச் சென்றேன். அவர்களில் ஒருவரான அந்த அக்கா முப்பது ஆண்டுகளாகத் தலைச்சுமையாக மீன் விற்பவர். அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். கருமணல் எடுக்கிற எங்கள் கரையில் இத்தனை வீடுகளில் புற்றுநோய் இருக்கிறதே, அது மண்ணால் வருகிறதா, உங்கள் பிள்ளைகள் படித்து அதைக் கண்டுபிடித்துச் சொல்வார்களா என்பதுதான் அவர் கேட்டது. "அதை டாக்டரிடம் கேளுங்கள் அம்மா, இங்கே பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்" என்று சொல்லி மைக்கை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

குமரி மாவட்டத்தில் சுற்றுச்சூழல் படிப்பு தொடங்கினால் அதன் முதல் பாடமே அந்தக் கேள்வியாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். மோனசைட்டில் கதிரியக்கத் தன்மை கொண்ட தோரியம் இருக்கிறது. அதனால் எங்கள் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் 1990 முதல் புற்றுநோய்ப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அங்கே ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றார்கள். மண்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த ஆய்வைப் பற்றி மேடையிலிருந்த ஒருவர் அந்த அக்காவிடம் இரண்டு நிமிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்: அது அந்தக் கரையில் எடுத்த கணக்கு, எங்கள் கரைக்கும் அது பொருந்துமா? மண் தானாகக் கிடப்பதும், அதை அள்ளிப் பிரித்துத் தூசி பறக்க விடுவதும் ஒன்றா? இவை ஆராய்ச்சி மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள். மீன் விற்பவர் கேட்டால் மட்டும் ஏன் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்?

என்னை அதிகம் வருத்தியது இன்னொன்று. அதே நாள் காலையில், அதே அரங்கில், அமெரிக்காவில் வட கரோலினாவின் வாரன் கவுண்டியைப் பற்றி அருமையாகப் பேசினார்கள். 1982-இல் நச்சு கலந்த மண்ணைக் கறுப்பின மக்கள் வாழும் ஏழை ஊரில் கொண்டுபோய்ப் புதைத்தபோது, அந்த மக்கள் லாரிகளின் முன்னால் சாலையில் படுத்து மறித்தார்கள்; ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1991-இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் சுற்றுச்சூழல் நீதிக்காக வகுத்த 17 கொள்கைகளில் ஒன்று, முடிவெடுக்கும் ஒவ்வொரு நிலையிலும் பாதிக்கப்பட்டவர்கள் சமமாகப் பங்கேற்கும் உரிமை. அதையும் திரையில் காட்டினார்கள், நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். மதிய உணவு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் அக்காவிடமிருந்து மைக் பறிபோயிற்று.

நானும் சுற்றுச்சூழல் பாடம் படித்தவள்தான். உச்ச நீதிமன்றத்தின் 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விளைவாக எல்லா இளநிலை மாணவர்களுக்கும் கட்டாயமான அந்த ஒரு பருவப் பாடம். தேர்வில் கடல் அரிப்புக்குக் காரணம் எழுதச் சொன்னார்கள். பக்கத்து ஊரில் தூண்டில் வளைவு என்ற கல் தடுப்பைக் கடலுக்குள் போட்ட பிறகு எங்கள் ஊர்க் கரை கரைந்ததையும், நீரோட்டம் கொண்டுவரும் மணல் அங்கேயே தங்கிவிடுவதையும், கரையில் நின்று இழுக்கும் கரமடி வலைக்கு இடமில்லாமல் போனதையும் என் அப்பா சொல்லக் கேட்டபடி ஒரு பக்கம் எழுதினேன். சுழியம் போட்டு, புத்தகத்தில் இல்லை என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அந்த விடைத்தாளை அப்பாவிடம் காட்டவில்லை.

ஒரு கூட்டத்தில் நடந்த சிறு தவறைப் பெரிதாக்குகிறேன் என்பவர்களுக்குச் சொல்கிறேன்: சிறு தவறாக இருந்தால் மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பில் சரிசெய்திருக்கலாம். நேரம் இல்லை என்றார்கள். பொன்னாடை போர்த்த நாற்பது நிமிடம் இருந்தது. மணல் ஆலையில் எங்கள் கரைக்காரர்களே வேலை பார்க்கிறார்களே என்று கேட்கிறீர்கள். ஆம், என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் பிள்ளைகள் படித்தார்கள் என்பதும் உண்மை. வேலையையும் பயத்தையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு வாழ்வது எப்படியிருக்கும் என்பதை அவர்களைத் தவிர வேறு யாரால் வகுப்பில் விளக்க முடியும்? விசைப்படகுகள் கடலை வழித்தெடுப்பதைப் பற்றி ஏன் பேசவில்லை என்பதும் நியாயமான கேள்விதான். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில், மோனசைட் போன்ற அணுக் கனிமங்களின் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்துவிட்டது. அரசு கேட்காது என்றான பிறகு, பல்கலைக்கழகமாவது கேட்கும் என்று நம்பி வந்தவர்களைத்தான் நீங்கள் உட்காரச் சொன்னீர்கள்.

எங்களிடம் கேட்பவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதும் எனக்குத் தெரியும். 2017-இல் ஒக்கிப் புயலில் என் மாமா திரும்பவில்லை. அதன் பிறகு வினாத்தாளுடன் வந்த மூன்று வெவ்வேறு குழுக்களுக்கு மாமி ஒரே பதில்களைச் சொன்னார்: எத்தனை மணிக்குப் போனார், வள்ளத்தில் எத்தனை பேர், எச்சரிக்கை வந்ததா, எத்தனை பிள்ளைகள். ஒவ்வொரு முறையும் தேநீர் போட்டுக் கொடுத்தார். அந்த ஆய்வேடுகளில் ஒன்றுகூட எங்கள் ஊருக்குத் திரும்பி வரவில்லை. எங்கள் துயரம் ஒருவருக்குப் பட்டமாகலாம், ஆனால் எங்கள் கேள்வி பாடமாகாது என்றால், அந்தப் படிப்பின் பெயரில் சமூக நீதி என்ற சொல்லை எதற்காகச் சேர்த்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தப்பா எதாவது கேட்டுட்டேனா மக்களே?" என்றார். இல்லை அக்கா என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

அடுத்த கூட்டம் வரும் மாதம் என்று அறிவித்திருக்கிறார்கள். அதை எங்கள் கடற்கரையில், வலை பின்னும் கொட்டகையில், மீன் சந்தை முடிந்த பிறகு மாலையில் நடத்துங்கள். முடியாது என்றால் நாங்களே வருகிறோம். அந்த அக்காவும் வருவார், அதே கேள்வியுடன்.