நகையின் பின்பக்கத்தையும் பாருங்கள்

பழங்காலப் பாணியில் வடிவமைப்பாளர்கள் செய்த நகைகளை 'வெறும் நகல்' என்று உங்கள் கட்டுரை ஒதுக்கியது வருத்தமாக இருக்கிறது. 1836-இல் இத்தாலியின் செர்வெத்தெரியில் எட்ரூஸ்கன் என்ற பண்டைய இத்தாலிய மக்களின் கல்லறை ஒன்றைத் திறந்தபோது கிடைத்த பொன் நகைகளில், தகட்டின் மேல் மணல் தூவியது போல் குட்டிக் குட்டித் தங்க மணிகள் இருந்தன. வழக்கம்போல் பொடி (தங்கத்தைப் பற்றவைக்கும் உலோகக் கலவை) வைத்து ஊதுகுழலால் சூடாக்கினால் அது உருகி மணிகளுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும், வேலையே மழுங்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பழங்காலப் பாணி நகைகளைச் செய்த ரோம் நகரின் காஸ்தெல்லானி பொற்கொல்லர் குடும்பம் பல வருடம் மல்லுக்கட்டியும் அந்த நுணுக்கத்தை முழுதாக எட்டவில்லை. 20-ஆம் நூற்றாண்டில்தான் செம்பு உப்பையும் பசையையும் சேர்த்துச் சூடாக்கும் வழி பிடிபட்டது. மணி தொடும் இடத்தில் மட்டும் செம்பு தங்கத்தோடு கலந்து உருகுநிலையைக் குறைக்க, பொடியே இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது. இவ்வளவு பாடுபட்டு மீட்ட கலையை நகல் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம், வாங்குபவர்களுக்கு ஒன்று. கல்லின் நிறத்தில் மயங்குவதற்கு முன் நகையைத் திருப்பி, பூதக்கண்ணாடியில் பின்பக்கத்தைப் பாருங்கள். காஸ்தெல்லானி முத்திரை என்றால் பின்னிய இரண்டு ஆங்கில 'சி' (C) எழுத்துகள். கொக்கி ஓரத்தில் சாம்பல் நிற ஈயப் பற்று தெரிந்தால், பிறகு யாரோ அவசரமாகப் பழுதுபார்த்திருக்கிறார்கள். சரி, விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.