உருவகமே போதும் என்கிற நண்பர்களுக்கு

சூப்பர்ஹீரோ காமிக்ஸில் இப்போதெல்லாம் தன்பாலீர்ப்பைத் திணிக்கிறார்கள் என்று வருத்தப்படுகிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்கள் என் எதிரிகள் அல்லர். வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் என்னோடு வளர்ந்தவர்கள். வாடகை நூல் நிலையத்தில் ஒரே இரும்புக்கை மாயாவி புத்தகத்துக்காக என்னோடு மல்லுக்கு நின்றவர்கள். சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் இன்றைக்கும் தமிழ் காமிக்ஸ் பதிப்பகமான லயன்-முத்து அரங்கின் முன்னால்தான் நாங்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்கிறோம். நான் யார் என்பது அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே தெரியும். மற்றவர்களுக்கு இந்தப் பதிவு தெரிவிக்கட்டும். அவர்கள் சொல்வதில் இரண்டு வாதங்கள் இருக்கின்றன. சிறுவயதில் நாம் படித்த கதைகளில் இந்தக் காதல் சங்கதியெல்லாம் குறுக்கே வந்ததில்லை என்பது ஒன்று. பிறவியிலேயே அதிசய சக்தி வாய்த்த மியூட்டன்ட்டுகள் வருகிற எக்ஸ்-மென் கதைகளே ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிய உருவகம்தானே, அது போதாதா, அப்பட்டமாக வேறு சொல்ல வேண்டுமா என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாவதுதான் என்னைப் பல காலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

வேதாளர் (ஃபேன்டம்) டயானாவைக் கைப்பிடித்தது 1977இல். ஃபென்டாஸ்டிக் ஃபோர் கதையில் ரீட் ரிச்சர்ட்ஸுக்கும் சூ ஸ்டார்முக்கும் கல்யாணம் நடந்தது 1965இல். ஸ்பைடர்மேனுக்கும் மேரி ஜேனுக்கும் 1987இல். சூப்பர்மேனுக்கும் லோயிஸ் லேனுக்கும் 1996இல். அந்த லோயிஸ் லேன் 1938இல் வந்த முதல் சூப்பர்மேன் கதையிலேயே இருக்கிறாள். 1973இல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி பாலத்திலிருந்து விழுந்து இறந்த கதையை இன்றும் தொண்டை அடைக்கச் சொல்கிற அதே நண்பர்தான், காமிக்ஸில் காதலுக்கு என்ன வேலை என்று என்னிடம் கேட்கிறார். காதல் அங்கே எப்போதும் இருந்தது. அவருக்குப் பழகிய காதலாக இருந்ததால் அது அவர் கண்ணை உறுத்தவில்லை.

எங்களைப் போன்றவர்கள் அந்தக் கதைகளில் இல்லாமல் போனதும் தானாக நடந்ததன்று. பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் வாழ்வது தன்பாலீர்ப்பாளர் இருவரின் கனவு வாழ்க்கையைப் போல இருக்கிறது என்றும், இத்தகைய கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்றும் ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் 1954இல் எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஒன்றுகூடித் தமக்குத் தாமே காமிக்ஸ் கோட் என்ற விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். பாலியல் பிறழ்வு என்று தாங்கள் கருதியதைக் காட்டக் கூடாது என்பதோடு, அதைச் சாடையாகக்கூட உணர்த்தக் கூடாது என்றும் அதில் எழுதி வைத்தார்கள். அது தளர 1989 வரை ஆயிற்று. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைகள் குடியேறிய அல்லிக்குளம் வளாகத்தில், சணல் கயிறு கட்டிய கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், சாயம் மங்கிய அட்டைகளின் மேல்மூலையில் அஞ்சல்தலை அளவுக்கு அந்தக் கோட்டின் முத்திரை தெரியும். முத்திரை இருந்தால் ஒரிஜினல் அமெரிக்கப் புத்தகம் என்று சொல்லிக் கடைக்காரர் ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்பார்.

அந்த முத்திரைக்குக் கீழே ஒருவன் எப்படி வாழ்ந்தான் என்பதற்கு நார்த்ஸ்டாரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 1979இல் எக்ஸ்-மென் 120ஆம் இதழில் அறிமுகமான கனடா நாட்டு வீரன் அவன். அவனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் பர்ன், தொடக்கத்திலிருந்தே அவனைத் தன்பாலீர்ப்பாளனாகத்தான் மனத்தில் வைத்திருந்ததாகப் பின்னாளில் சொன்னார். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல வழியில்லாததால், தலைக்கனம் பிடித்த பனிச்சறுக்கு வீரனாக மட்டுமே அவன் பல ஆண்டுகள் பக்கங்களில் உலவினான். 1992இல் ஸ்காட் லாப்டெல் எழுதிய ஆல்பா ஃப்ளைட் 106ஆம் இதழில்தான் உண்மை வெளியே வந்தது. குப்பையில் வீசப்பட்ட, எய்ட்ஸ் நோயோடு பிறந்த ஒரு பெண் குழந்தையை நார்த்ஸ்டார் எடுத்து வளர்க்கிறான். நாடே அந்தக் குழந்தைக்காக உருகுகிறது. அந்த நேரத்தில் மேஜர் மேப்பிள்லீஃப் என்ற வயதான முன்னாள் வீரர் வெறியோடு தாக்க வருகிறார். அவருடைய மகனும் அதே நோயில்தான் இறந்தான். அவன் தன்பாலீர்ப்பாளன் என்பதால் அவனுக்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது அவருடைய ஆற்றாமை. அடிதடிக்கு நடுவில், தானும் அப்படிப்பட்டவன்தான் என்று நார்த்ஸ்டார் அவரிடம் சொல்கிறான்.

கலை என்ற அளவில் அந்த இதழை நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஓவியத்தில் தொண்ணூறுகளின் மிகை அத்தனையும் இருக்கிறது. ஒருவரையொருவர் அறைந்துகொண்டே மேடைப் பேச்சு பேசுகிறார்கள். வசனக் குமிழ்கள் பாதிச் சித்திரத்தை விழுங்கிவிடுகின்றன. ஆனாலும் படிக்கும்தோறும் என் கண் நார்த்ஸ்டாரைத் தாண்டி அந்தக் கிழவரிடம்தான் போய் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் கோபப்படுகிற அப்பாக்களுக்குக் குறைவே இல்லை. அந்தக் கோபம் இப்படிப்பட்ட ஒரு மகனுக்காக எழுந்து நான் பார்த்ததில்லை.

இனி உருவகத்துக்கு வருகிறேன். 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கிய எக்ஸ்-மென் கதைகளில், பதின்வயதில் திடீரென்று தன் உடம்பே தனக்கு வேறாகிப்போகிற பிள்ளைகள் வருகிறார்கள். ஊர் அவர்களை வெறுக்கிறது. பெற்றோரில் சிலர் கைவிடுகிறார்கள். பெரம்பூரில் பேருந்துக்குக் காத்திருந்த பதினைந்து வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த உருவகத்தின் அடியில் ஓர் ஓட்டை இருக்கிறது. கண்ணிலிருந்து கதிர் பாய்கிற சைக்ளாப்ஸ் கண்ணாடியைக் கழற்றினால் எதிர்ச்சுவர் இடிந்து விழும். ரோக் தொட்டால் தொடப்பட்டவன் நினைவிழந்து விழுவான். அப்படிப்பட்டவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் எனக்கும்தான் பயமாக இருக்கும். ஆக, ஊராரின் அச்சத்தில் ஒரு நியாயம் இருப்பதாக அந்தக் கதை ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகுதான் இரக்கத்தைக் கேட்கிறது. நான் கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வருகிற பேருந்தின் எண் எனக்குத் தெரியாது. அதற்கு மேல் எவருக்கும் ஒரு சேதமும் இல்லை. இல்லாத ஆபத்தை என் தலையில் ஏற்றிவிட்டு, அதைப் பொறுத்தருளும்படி ஊரிடம் வேண்டுகிற கதையை என் கதை என்று நான் எவ்வளவு நாள் சொல்லிக்கொண்டிருப்பது?

உருவகத்தின் இன்னொரு குறை, அது வாசகனைச் சுலபமாகத் தப்பவிடுகிறது என்பது. 2013 டிசம்பர் 11 அன்று தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. அன்று மாலை கல்மண்டபத்தில் ஒரு டீக்கடையில் என் நண்பன் ஒருவன், நான் இரவல் கொடுத்திருந்த எக்ஸ்-மென் தொகுப்பைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். மியூட்டன்ட்டுகளை முகாமில் அடைக்கிற எதிர்காலக் கதையைப் பற்றிக் கண் கலங்கப் பேசி முடித்தான். பேசி முடித்த அதே மூச்சில், கடைத் தொலைக்காட்சியில் ஓடிய செய்தியைப் பார்த்துவிட்டு, "நல்ல தீர்ப்பு மச்சான், இவனுங்கள இப்படித்தான் அடக்கணும்" என்றான். அவன் கெட்டவன் அல்லன். அவன் படித்த கதையில் அடைக்கப்பட்டவர்கள் எல்லோரும் நீலத் தோலும் இரும்பு உடம்பும் கொண்டவர்கள்; அவனுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவன் அந்தக் கதையில் எங்கும் இல்லை.

நார்த்ஸ்டார் தன் காதலன் கைல் ஜினாடுவை 2012இல், அஸ்டானிஷிங் எக்ஸ்-மென் 51ஆம் இதழில், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான். 1992க்குப் பிறகு நீண்ட காலம் அந்தப் பேச்சையே பெரும்பாலும் எடுக்காமல் இருந்துவிட்டுத்தான் பதிப்பகம் இதற்கு வந்தது. அந்த இதழ் வீட்டுக் கட்டிலில் கிடந்தபோது என் அம்மா எடுத்துப் புரட்டினார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சித்திரம் பார்க்கத் தெரியும். "இது கல்யாண சீன் மாதிரி கீதே, பொண்ணு எங்க நைனா?" என்றார். ரெண்டு பேரும் மாப்பிள்ளைதாம்மா என்றேன். கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்தார். பிறகு, "சரி, சொந்தபந்தம்லாம் வந்துகீறாங்களே, அது போதும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். அம்மா எதையும் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நான் கதை கட்டவில்லை. அடுத்த மாதமே ஒரு வரனோடு வந்தார். ஆனால் பொண்ணு எங்க என்ற கேள்வியை எந்த உருவகமும் அவரிடமிருந்து வரவழைத்திருக்காது. கல்யாணக் கூட்டத்தோடு இரண்டு ஆண்களைப் பச்சையாக வரைந்து வைத்ததால்தான் அது வந்தது.

உருவகங்களில் எனக்கு இன்னும் மனம் ஒப்புகிற ஒன்று, அப்படி எழுதப்படவே இல்லாத ஒன்று. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் என்பது நம் எல்லோருக்கும் பாடம். குழாயடி முதல் மொட்டைமாடி வரை எல்லாம் பொதுவாக இருக்கிற எங்கள் தெருக்களில் சூப்பர்மேனின் மறுவேடமான கிளார்க் கென்ட் மாதிரி முழு ரகசியமாக ஒருவன் இருக்கவே முடியாது. மாயாவி மாதிரிதான் இருக்கலாம். எல்லாவற்றையும் மறைத்துவிடலாம், கல்யாணம் ஆகாதது மட்டும் அந்தரத்தில் தொங்கும். எதிர்வீட்டு அத்தை அதைப் பார்த்துத்தான் விசாரிப்பார்.

எக்ஸ்-மென் குழுவின் ஐஸ்மேன் விஷயத்தில் நண்பர்களோடு பாதி உடன்படுகிறேன். 1963 முதல் பெண்களோடு சுற்றிக்கொண்டிருந்த ஐஸ்மேனை, அதாவது பாபி டிரேக்கை, 2015இல் தன்பாலீர்ப்பாளன் என்று அறிவித்தார்கள். அறிவித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை: காலம் தாண்டி வந்த இளம் பாபியின் மனத்தை அவன் குழுத்தோழி ஜீன் கிரே அவன் அனுமதியில்லாமல் படித்துவிட்டு, நீ இன்னார் என்று அவனுக்கே சொல்கிறாள். உரிய ஆளுக்கு முன்னால் ஊர் சொல்லிவிடுவதன் வலி தெரிந்த ஒருவர் அந்தக் காட்சியை அவ்வளவு விளையாட்டாக எழுதியிருக்க மாட்டார். ஆனால் ஐம்பது ஆண்டுப் பாத்திரத்தைப் பின்தேதியிட்டு மாற்றியது அபத்தம் என்கிறபோது நான் நண்பர்களோடு பிரிந்துவிடுகிறேன். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பேரன் பேத்தி எடுத்த பிறகு ஒரே ஒருவரிடம் மட்டும் வாய் திறந்த மனிதர்களை நான் அறிவேன். அவர்களுடைய முந்தைய ஐம்பது ஆண்டும் உண்மைதான், இப்போது சொன்னதும் உண்மைதான். அறிவிப்புக்கு ஆளான இளைஞனைவிட, அத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்த நிகழ்காலத்து மூத்த பாபிதான் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறான். 2017இல் சினா கிரேஸ் எழுதிய தொடரில் அவன் தன் பெற்றோரிடம் சொல்கிற பகுதியைப் படித்துப் பாருங்கள்.

வியாபாரத்தையும் நான் அறியாதவன் அல்லன். தன்பாலீர்ப்பாளர் பெருமை மாதமான ஜூன் வந்தால் வானவில் அட்டை போடுகிறார்கள். ஐஸ்மேனின் அந்தத் தொடரைப் பதினொரு இதழ்களோடு நிறுத்தினார்கள். பேட்வுமனுக்கும் அவள் காதலி மேகி சாயருக்கும் கல்யாணம் செய்து வைக்கக் கூடாது என்று பதிப்பகம் தடுத்ததால் 2013இல் அந்தத் தொடரின் படைப்பாளிகள் இருவரும் விலகினார்கள். நாயகர்களுக்கு மகிழ்ச்சியான சொந்த வாழ்க்கை இருக்கக் கூடாது என்பது பதிப்பகம் சொன்ன காரணம். இதற்கெல்லாம் முன்பே, பேட்மேன் சூப்பர்மேன் சாயலில் உருவான மிட்நைட்டரும் அப்பல்லோவும் 2002இல் தி அத்தாரிட்டி தொடரில் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு பெண் குழந்தையையும் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். கணவனும் கணவனுமாக உலகத்தைக் காப்பாற்றிவிட்டுக் களைத்துப்போய் வீடு திரும்புகிறவர்கள். எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இவர்கள்தாம்.

பிள்ளைகள் படிக்கிற புத்தகம் ஆயிற்றே என்ற கவலைக்கு பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ பதில் சொல்லிவிட்டது. விக்கனும் ஹல்க்லிங்கும் முத்தமிடுகிற ஒரு கட்டத்துக்காக, 2019இல் அந்நகர மேயர் அவெஞ்சர்ஸ் தொகுப்பு ஒன்றைப் புத்தகத் திருவிழாவிலிருந்து அகற்ற முயன்றார். முழு உடையோடு நிற்கிற இரண்டு இளைஞர்களின் முத்தம் அது. ஃபோல்யா என்ற நாளிதழ் அந்தச் சித்திரத்தைத் தன் முதல் பக்கத்தில் அச்சிட்டது. விவகாரம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், தடை நிற்கவில்லை.

இங்கே சட்டம் 2018 செப்டம்பர் 6 அன்று எங்களைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கல்யாண உரிமை இல்லை என்றது. திருமணம் ஒன்றே குடும்பமாகும் வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பெற்ற வீட்டில் இடமில்லாதவர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கூரையின் கீழ் குடும்பமாவதைத்தான் எக்ஸ்-மென் கதைகள் அறுபது ஆண்டுகளாக வரைந்துகொண்டிருக்கின்றன என்பதால், அந்தத் தீர்ப்பின் செய்தி எனக்குப் புதிதாகப் படவில்லை.

படித்துவிட்டுச் சண்டைக்கு வர விரும்புகிற நண்பர்கள் தாராளமாக வரலாம். அத்தாரிட்டி தொகுப்பும் ஐஸ்மேன் தொடரும் என்னிடம் முழுமையாக இருக்கின்றன. அட்டையை மடக்காமல், பிளாஸ்டிக் உறையோடு ஒரு மாதத்துக்குள் திருப்பித் தருபவர்களுக்கு இரவல் உண்டு. ஆல்பா ஃப்ளைட் 106ஐ மட்டும் வெளியே கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து படித்துவிட்டுப் போங்கள். அம்மா டீ போடுவார்.