மிக்ஸியில் போடாதீங்க அண்ணே

"மாம்பழத்தையும் ஸ்பார்க்ளிங் ஒயினையும் சேர்த்து மிக்ஸியில் அடித்தால் நுரை அள்ளும்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். நுரை அள்ளும்தான் அண்ணே, ஆனால் ஜாருக்கு வெளியே. போன வைகாசியில் நத்தம் செந்தூரத்தை வைத்து மதுரையில் எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்தேன். மூடி தெறித்து, அடுப்பு மேடையில் இருந்த தோசைக்கல் வரை மஞ்சளாகி, டம்ளரில் மிஞ்சியது வெறும் புளித்த மாம்பழச் சாறு. அந்தப் பாட்டிலின் விலையே உள்ளே அடைபட்டிருக்கிற கரியமில வாயுவுக்குத்தான், அதை அடித்துத் துரத்துவதற்கு சாதா ஒயினே வாங்கியிருக்கலாம்.

வெனிஸ் ஹாரீஸ் பாரில் பிறந்த பெல்லினி என்ற காக்டெயிலிலும் வெள்ளைப் பீச் பழத்தைத் தனியாக மசித்துக்கொண்டு, அப்புறம்தான் புரோசெக்கோ என்ற இத்தாலிய ஸ்பார்க்ளிங் ஒயினைச் சேர்ப்பார்கள். பழத்தை மட்டும் அரைத்து, நார் போக வடிகட்டி, ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவையுங்கள். ஒரு பங்கு விழுதுக்கு இரண்டு பங்கு ஒயின். டம்ளரைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றி, நுரை அடங்கியதும் மீதி. ஒயினும் சில்லென்று இருக்கணும், நம்ம ஊர் வெயிலில் வெளியே வைத்திருந்தால் பொங்கி வழிந்துவிடும். கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை தூக்கிவிட்டால் போதும். கம்பம் பன்னீர் திராட்சை என்றால் கொட்டையோடு அரைக்காதீர்கள், கசக்கும்.