திறமை இருந்தா மதிப்பாங்களாம்ல!

நேத்து ராத்திரி பத்திக்கிட்ட வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல. 'ரெட் டெயில்ஸ்' ஓடிட்டு இருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்காவுக்காகப் பறந்த கறுப்பு பைலட்டுங்க, அதான் டஸ்கீகில பயிற்சி எடுத்தவங்க, அவங்களைப் பத்தின படம்தான், 2012ல வந்ததே அது. இத்தாலில வெள்ளைக்கார அதிகாரிங்க கிளப்புக்குள்ள நுழையுற கறுப்பு பைலட், வசவு வாங்கி, பதிலுக்குக் கையை நீட்டிட்டு வர்றான். அப்புறம் இவங்க துணைக்குப் போய்க் காப்பாத்துன குண்டுவீச்சு விமானக்காரங்களே கூப்பிட்டு, அதே கிளப்புல சரக்கு வாங்கிக் கொடுக்குறாங்க. உடனே பக்கத்துல சாஞ்சிருந்த சித்தப்பா திருவாய் மலர்ந்தார்: "பாத்தியா? திறமை இருந்தா எவனா இருந்தாலும் மதிச்சுத்தான்டா ஆகணும்."

உங்க வீட்லயும் இந்த வசனத்துக்கு ஒரு ஆள் இருப்பார், தெரியும்.

சித்தப்பா, பெஞ்சமின் டேவிஸ்னு ஒரு கறுப்பர், பின்னாடி இந்த பைலட்டுங்களுக்கே தளபதி ஆனவர். வெஸ்ட் பாயின்ட்ங்கிற அமெரிக்க ராணுவக் கல்லூரில நாலு வருஷம் கூடப் படிச்சவனுங்க அவர்கூட முகங்கொடுத்துப் பேசல. தனியா சாப்பாடு, தனி ரூம். 1936ல 276 பேர்ல 35வது ஆளா பாஸ் பண்ணார். விமானப்படைக்கு விண்ணப்பிச்சார். கறுப்பருக்கு அங்க பிரிவே கிடையாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. போஸ்டிங் போன ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாம்ல அதிகாரிங்க கிளப் கதவைக்கூட அவருக்குத் திறக்கல. 35வது ரேங்க் திறமைல சேராதுபோல.

சரி, அது போருக்கு முன்னாடின்னு வைங்க. 1945 மார்ச் 24. அந்த டேவிஸ் தலைமையில இந்தப் படத்துல வர்ற சிவப்பு வால் விமானங்க பெர்லின் வரைக்கும் போய், ஜெர்மன்காரனோட ஜெட் மூணை வீழ்த்திட்டு வருது. இவங்க ஓட்டுனது காத்தாடி எஞ்சின் முஸ்டாங்! இதுக்கு மேல என்னத்தை நிரூபிக்கணும்?

சரியா பன்னெண்டு நாள். ஏப்ரல் 5. இந்தியானாவுல ஃப்ரீமன் ஃபீல்டு. அதே டஸ்கீகில பயிற்சி முடிச்ச கறுப்பு அதிகாரிங்க, 477வது குண்டுவீச்சுப் படைக்காரங்க, கிளப்புக்குப் போறாங்க. தளத்துல உள்ள கிளப் எல்லா அதிகாரிக்கும் பொதுன்னு 1940லயே ராணுவம் விதி போட்டிருக்கு. அங்கதான் தளத்துக்குத் தலைவரான கர்னல் மூளையைக் கசக்குறார். நிறம்னு சொன்னாத்தானே வம்பு? ஒரு கிளப் டிரெய்னிக்கு, அதாவது பயிற்சில இருக்குறவங்களுக்கு, இன்னொண்ணு மத்தவங்களுக்கு. யார் டிரெய்னி? கறுப்பா இருக்குறவன் டிரெய்னி. அந்தத் தளத்துலயே நிரந்தரமா போஸ்டிங் ஆன அதிகாரியா? கறுப்புதானே, டிரெய்னி. அடடா, என்ன நிர்வாகம்!

அவங்களும் சளைக்கல. கும்பல் கும்பலா போறாங்க. உள்ள வராதேங்கிறான், போறாங்க, கைது. மறுநாள் இன்னொரு கும்பல், மறுபடி கைது. 61 பேர். அப்புறம் கர்னல் அந்த உத்தரவை அச்சடிச்சு, படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்னு கையெழுத்துப் போடச் சொல்றார். ஒவ்வொருத்தரா கூப்பிடுறாங்க. காகிதத்தை நீட்டுறது. மாட்டேன். போர்க்காலத்துல மேலதிகாரி உத்தரவை மீறுனா மரண தண்டனை வரைக்கும் போகலாம்னு சட்டத்தை வாசிச்சுக் காட்டுறது. மாட்டேன். அடுத்தவரைக் கூப்பிடு. மறுபடி காகிதம், மறுபடி சட்டம், மறுபடி மாட்டேன். இப்படி 101 பேர்! ஊரே ஜப்பானோட மல்லுக்கட்டிட்டு இருக்கு, இங்க கர்னல் உட்கார்ந்து கையெழுத்து வேட்டை. ஒரு சோபாவும் நாலு நாற்காலியும் கிடக்குற கூடத்துல கறுப்பன் கால் படக்கூடாதாம், அதுக்கு மரண தண்டனைச் சட்டம்! 101 பேரையும் விமானத்துல ஏத்தி கென்டக்கிக்குக் கொண்டுபோய்க் காவல்ல வைக்கிறாங்க. வாசல்ல ஒரு அதிகாரியைத் தள்ளுனார்னு, முதல்ல கைதானவங்கள்ல ஒருத்தரான ரோஜர் டெர்ரிக்கு 150 டாலர் அபராதம். அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணது எப்போ தெரியுமா? 1995ல. அம்பது வருஷம்! நம்ம தாலுக்கா ஆபீஸ் பட்டா மாறுதல்கூட முந்திக்கும்.

இன்னும் இருக்கு. 1949ல லாஸ் வேகாஸ்ல விமானப்படைக்குள்ளயே சுடுற போட்டி. காத்தாடி எஞ்சின் பிரிவுல 332வது படை, அதான் நம்ம சிவப்பு வால்காரங்க, ஜெயிச்சுது. விமானப்படைச் சங்கம் போடுற பட்டியல்ல ஜெயிச்சது யாருன்னு போட்டிருந்தாங்க? யார்னு தெரியலையாம்! பல வருஷம் அப்படியேதான் அச்சாச்சு. கோப்பை அருங்காட்சியக கிடங்குல கிடந்து 2004லதான் கண்ணுல பட்டுச்சு. ஜெயிச்சுக் காட்டுனாலும் பேரைக் காணோம், சித்தப்பா. பேரைக் காணோம்!

இதையெல்லாம் படத்தை நிறுத்திவெச்சு, கையை ஆட்டி ஆட்டி, தொண்டை வறளச் சொன்னேன். கண்ணை மூடி ரொம்ப நிதானமா கேட்டார். கேட்டுட்டு, "அதாண்டா நானும் சொல்றேன். கடைசில திறமைதானே ஜெயிச்சுது?"

சிரிப்பு வந்துடுச்சு. நிஜமா. வேற என்ன பண்ண?

அது கிடக்கட்டும். நான் இங்க ரெண்டாம் உலகப்போர் நடத்திட்டு இருந்த நேரத்துல, மிக்சர் தட்டுல இருந்த முந்திரியை மட்டும் பொறுக்கி எடுத்துத் தின்னு முடிச்சிருக்கார் மனுஷன். ஒண்ணுகூட இல்ல. வெறும் ஓமப்பொடி.