கன்பூசியஸ் அடங்கிப் போகச் சொல்லவில்லை

சீனத் தத்துவ ஞானி கன்பூசியஸைப் பற்றிப் பேச்சு எழுந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணொளியைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டபடி இருப்பதால் எழுதுகிறேன். "சீனர்கள் ஏன் எதிர்த்துப் பேசுவதில்லை? 2,500 வருடமாக கன்பூசியஸ் அடங்கிப் போகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்" என்று மேடையில் பேசியவர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. நான் எழுந்து மறுத்தேன். "சார் சீனாவில் சம்பளம் வாங்கினவர், அப்படித்தான் பேசுவார்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

கன்பூசியஸ் அடங்கிப் போகச் சொல்லவில்லை. அரசனிடம் எப்படிப் பணிபுரிவது என்று சீடர் கேட்டபோது, அவனை ஏமாற்றாதே, ஆனால் முகத்துக்கு நேரே எதிர்த்துச் சொல் என்றவர் அவர். அவர் சொன்னவற்றின் தொகுப்பான லுன்யூவில் இருக்கிறது. அறம் என்று வந்துவிட்டால் ஆசிரியருக்குக்கூட விட்டுக்கொடுக்காதே என்பதும் அதே நூலில்தான் இருக்கிறது. அடங்கிப் போகச் சொல்கிறவர் பேசும் பேச்சா இது?

"பேரரசர்கள் அவரை வைத்துத்தானே ஆண்டார்கள்?" என்று கேட்பீர்கள். ஆண்டார்கள்தான். 1905 வரை அரசுப் பதவிக்கான தேர்வே அவர் மரபின் நூல்களில்தான் நடந்தது. அதிகாரம் தனக்குத் தோதான வரிகளை எடுத்துக்கொண்டது. பெண்களை அந்த மரபு நசுக்கியதும் உண்மை. ஆனால் சீனர்களே அவரைச் சும்மா விட்டார்களா? 1919இல் மாணவர்கள் தொடங்கிய மே நான்கு இயக்கத்தை ஒட்டி 'கன்பூசியஸ் கடையை நொறுக்கு' என்று முழங்கினார்கள். 1966இல் மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் அவர் பிறந்த சூஃபூவுக்கே போய்க் கோயிலையும் கல்லறைகளையும் உடைத்தார்கள். 2011 ஜனவரியில் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒன்பதரை மீட்டர் உயர வெண்கலச் சிலை வைத்தார்கள். ஏப்ரலில் ஓர் இரவில் அதை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். இத்தனை காலமாக அவரோடு மல்லுக்கட்டும் ஒரு சமூகத்தை 'அடங்கிப் போகிறவர்கள்' என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

சீனாவில் நான் வேலை பார்த்த குவாங்சோ நகரத்தில் என் பக்கத்து மேசையில் ஹெனான் மாகாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கல்யாணம் செய்துகொள் என்று அவள் அப்பா போனில் கத்துவார், இவளும் திருப்பிக் கத்துவாள். சீனப் புத்தாண்டுக்கு உட்கார இடமில்லாத டிக்கெட்தான் கிடைத்தது. ராத்திரி முழுக்க நின்றுகொண்டே ஊருக்குப் போனாள். இவ்வளவு சண்டைக்கு அப்புறமும் ஏன் போகிறாய் என்று கேட்டேன். "போனில் சண்டை போட்டால் அப்பா சரியாகச் சாப்பிட மாட்டார். நேரில் போட்டால் சாப்பிடுவார்" என்றாள். அடங்கிப் போனவளா அவள்?

வயதான பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று 2013இல் அங்கே சட்டமே அமலுக்கு வந்தது. கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் நகரத்து ஆலைகளுக்குப் போய்விட, பாட்டி தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் மட்டும் மிஞ்சிய கிராமங்கள் அந்த நாட்டில் ஏராளம். பெற்றவர்களுக்குச் சோறு போட்டால் போதும் என்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் போடுகிறோம், மரியாதை இல்லாவிட்டால் என்ன வேறுபாடு என்று கன்பூசியஸ் கேட்டதை அந்தப் பெண்தான் எனக்கு முதலில் சொன்னாள்.

அப்போது என் அப்பா இருந்தார். மாதம் தவறாமல் பணம் அனுப்பினேன். நான்கு வருடத்தில் ஊருக்குப் போனது இரண்டே முறை. சம்பளம் வாங்கினவர் என்று மேடையில் சொன்னாரே, அந்த நேரத்தில் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம் என்னால் எதுவும் பேச முடியவில்லை.